நாலில் இரண்டாவது நரம்பு

போன வாரம் சபீர் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தான். துபாய் சத்வாவில் நான் இருபத்தேழு வருடம் வேலை பார்த்த வாத்தியக் கடையில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் அவன். தென்காசிப் பக்கம். பையன் என்று வாய் சொல்கிறதே தவிர அவனுக்கும் நாற்பது வயதாகிறது.

"அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? ஒரு சந்தேகம். இப்ப போன்லயே ஆப் வந்துட்டு. நரம்பத் தட்டுனா முள்ளு காட்டுது. பச்சை வந்தா சரி, செவப்பு வந்தா திருகணும். ஒரு கானூனு ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருது. நீங்க என்னடான்னா அந்த ஒரு நரம்பை மட்டும் தளத்தி வச்சு, செவப்பு நூலைக் கட்டி, கஸ்டமர் வந்து பாடுத வரைக்கும் தொடப்பிடாதுன்னுட்டுப் போயிட்டிய. பாதிப் பேரு பாடக் கூச்சப்படுதாங்க. அதை விட்டுரலாமா?"

'விடாதே' என்று மட்டும் பதில் போட்டேன். அதற்கு மேல் குரல்செய்தியில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஷார்ஜா முவைலாவில் மகள் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். அவளும் மாப்பிள்ளையும் டூட்டிக்குப் போனபிறகு வீட்டில் சத்தமே இருக்காது. நான்கு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதிவிட்டால் பாரம் இறங்குமோ என்றுதான் எழுதுகிறேன்.

என் பூர்வாசிரமம் ஹார்மோனியம். புதுக்கோட்டையில் நாடகக் கம்பெனிகளுக்கு ஹார்மோனியம் சரிபார்த்துக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தேன். பித்தளை நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். தொழில் அவ்வளவுதான். பன்னிரண்டு கட்டைக்குள் உலகம் அடங்கிவிடும். சினிமாவும் டிவியும் நாடகத்தை விழுங்கியபிறகு, தெரிந்தவர் ஒருவர் மூலம் விசா வந்தது. விசாவில் போட்டிருந்தது கார்பெண்டர். வேலை, விரிசல் விட்ட வாத்தியங்களுக்குப் பசை போட்டு ஒட்டுவது.

கடையின் மேனேஜர் காயல்பட்டினத்துக் காசிம் காக்கா. அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். விசா கொடுக்கிற கஃபீல் உள்ளூர் அரபி. மாதம் ஒருமுறை வந்து காவாக் காப்பி குடித்துவிட்டுப் போவார். மற்றபடி கடை காக்காவுடையதுதான். உள்ளே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், யாரும் தட்டாமல் நுழையக் கூடாத அறையில் இருந்தவர் உஸ்தாத் அபூ கரீம். சிரியாவில் அலெப்போக்காரர். கானூன் கட்டுவதில் அவருக்கு இந்தக் கரை முழுக்கப் பெயர் இருந்தது. குவைத்திலிருந்தும் பஹ்ரைனிலிருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

கானூன் என்பது மடியில் வைத்து மீட்டுகிற பலகைப்பெட்டி. ஒரு சுரத்துக்கு மூன்று நரம்பு வீதம் இருபத்தாறு சுரம், மொத்தம் எழுபத்தெட்டு நரம்பு. அத்தனை நரம்பின் பாரத்தையும் குதிரை எனப்படும் நீளமான கட்டை தாங்கும். அந்தக் குதிரையின் கால்கள் மரத்தில் நிற்காது, மீன்தோலில் நிற்கும். காற்று காய்ந்தால் தோல் விறைக்கும், ஈரமானால் தளரும். காலையில் கட்டியது மாலையில் அப்படியே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. இப்படிப்பட்ட வாத்தியத்தோடு ஒரு பயந்தாங்கொள்ளி கால் நூற்றாண்டுக்கு மேல் பிழைப்பு நடத்தியிருக்கிறேன்.

உஸ்தாத் காலையில் வந்ததும் இரண்டு முறை கை கழுவுவார். இடதுகை நகத்தை உற்றுப் பார்ப்பார். ஒரு கிளாஸ் கட்டன் சாயா. பிறகு ஏசியை அணைக்கச் சொல்வார். அதன் முனகல் அடி நரம்புகளோடு ஒட்டிக்கொள்ளும் என்பார். ஆகஸ்ட் மாதத்தில் துபாயில் ஏசியை அணைத்தால் அந்த அறை இட்லிக் கொப்பரைதான். வியர்வை மீன்தோலில் சொட்டிவிடாமல் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்காருவோம். அவர் பேசமாட்டார். நான் திருகும்போது பெட்டியின் ஓரத்தில் நகத்தால் ஒருமுறை தட்டினால் ஏற்று, இருமுறை தட்டினால் இறக்கு, உள்ளங்கையை விரித்து வைத்தால் நில். பாராட்டு என்று ஒன்றை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. திட்டும் கேட்டதில்லை. தப்பாகத் திருகினால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். கண்ணாடி கழன்றால் நான் முதலிலிருந்து திருகத் தொடங்குவேன்.

எங்களுக்குள் பேச்சு அரபியும் ஹிந்தியும் கலந்த கடைப்பேச்சு. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவருடைய கணக்கு எல்லாம் நாலு. நாலு சுரம் சேர்ந்தால் ஒரு ஜின்ஸ். பழைய காலத்து இசைக்காரர்கள் ஊத் என்கிற தந்தி வாத்தியத்தின் ஒரு நரம்பில் கையை வைத்துத்தான் எல்லாவற்றையும் அளந்தார்களாம். வெறும் நரம்பு ஒன்று, பிறகு ஆள்காட்டி விரல், அடுத்த விரல், கடைசியில் சுண்டு விரல். நாலு முடிந்தால் அடுத்த நரம்பு. ஒரு நாலின் மேல் இன்னொரு நாலை வைத்தால் ராகம் எழுந்துவிடும். எனக்கு இது புதிதாகப் படவில்லை. ச ரி க ம ஒரு பாதி, ப த நி ச மறு பாதி என்று நாங்களும் சரளி வரிசையில் ஆரம்பித்தவர்கள்தானே. ஏழு நரம்புள்ளது பண், நாலே நரம்புள்ளது திறத்திறம் என்று நம்முடைய பழைய இசைக்கணக்கிலும் உண்டு என்று எங்கள் ஊர் ஹார்மோனிய வாத்தியார் சொல்வார். உஸ்தாதுக்குச் சரளி வரிசையை ஒருநாள் பாடிக் காட்டினேன். மனிதர் எழுந்தே விட்டார். "ஹிஜாஸ்! கீழே ஒரு ஹிஜாஸ், மேலே ஒரு ஹிஜாஸ்! இதையா உங்க ஊரில் குழந்தைகளுக்கு முதல் பாடமாகக் கொடுக்கிறார்கள்?" என்றார். ஹிஜாஸ் அவர்களுடைய நாலுகளில் ஒன்று. அன்றிலிருந்துதான் பசை வேலை போய் நரம்பு வேலை வந்தது.

அவர் முறை இது. நாலில் முதலாவதையும் நாலாவதையும் முதலில் கட்டவேண்டும். அவை வாசற்கால் மாதிரி, எந்த ஊரிலும் அசையாது. உள்ளே இருக்கிற இரண்டுதான் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் நகரும். பயாத்தி என்று ஒரு நாலு இருக்கிறது. அரபிகளுக்கு உயிர். அதில் மூன்றாவதில்கூடச் சிக்கல் இல்லை. இரண்டாவது இருக்கிறதே, அது நம்முடைய சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் நடுவே எங்கேயோ நிற்கும். ஹார்மோனியத்தில் அதற்குக் கட்டையே கிடையாது. எகிப்துக்காரர் கொஞ்சம் மேலே வைப்பார், ஈராக்கியர் வேறு மாதிரி, வளைகுடாக்காரர்கள் வீட்டுக்கு வீடு. அதனால் உஸ்தாத் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, அந்த இரண்டாவதை மட்டும் தளர்த்தி, அதன் முளையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைப்பார். வாத்தியத்துக்குச் சொந்தக்காரர் வந்து, தன் வாயால் அந்த நாலைப் பாடவேண்டும். பாடிய இடத்தில் நரம்பை நிறுத்தி, நூலை அவிழ்த்து அவர் கையில் கொடுப்பார்.

"அது நம்முடையது இல்லை. கேட்காமல் தொடக் கூடாது" என்பார். இதுதான் சபீர் கேட்ட சிவப்பு நூல்.

எனக்கு அந்த இரண்டாவது நரம்பு பல வருடம் பிடிபடவில்லை. என் காது அதைக் கீழே இழுத்துக்கொண்டே போகும். சுத்த ரிஷபத்தில் கொண்டுபோய் உட்காரவைத்து, தோடி என்று சந்தோஷப்படும். உஸ்தாத் நகத்தால் ஒருமுறை தட்டுவார். ஏற்று. மறுபடி தட்டுவார். இன்னும் ஏற்று. எனக்கு அபஸ்வரமாகக் கேட்கிற இடத்தில் அவர் உள்ளங்கையை விரிப்பார்.

பதினைந்து வருடம் இப்படி ஓடியது. அவர் ஊரில் சண்டை வந்தது. வீடு இருந்த தெருவே இல்லை என்று யாரோ போட்டோ அனுப்பினார்கள். அவரும் மனைவியும் ஷார்ஜாவில் ஒரு ரூம் எடுத்து இருந்தார்கள். மகள் எங்கேயோ ஜெர்மனிக்குப் போகும் வழியில் இருந்தாள். விசா இல்லாவிட்டால் அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் கிடையாது. இதை அவர் சொன்னதில்லை. காக்கா சொல்லித்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் அது நடந்தது. உஸ்தாத் உச்ச நரம்புகளைத் திருகிக்கொண்டிருந்தார். சுருதி சேர்ந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தார். நரம்பு அறுந்துவிடுமோ என்று நான் பயந்து முகத்தைச் சுளித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை நிறுத்தினார். மெதுவாகப் பின்னால் திருகினார். என் முகச்சுளிப்பு மறைந்த இடத்தில் நின்றார்.

 மறுநாள் நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து, பெட்டியின் ஓரத்தில் நாலு விரலையும் வைத்துக்கொண்டேன். விரல் கீழே இருந்தால் இன்னும் போகலாம், ஆள்காட்டி விரல் எழுந்தால் நில். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே வேலை நடந்தது. அந்த ஒரு வருடமும் நான் நிம்மதியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நிழல் ஆடினால் விரலை மடக்கிக்கொள்வேன். நான் லீவில் ஊருக்குப் போன நாற்பது நாளில் இரண்டு பேர் வந்து, மேல் நரம்பெல்லாம் கீச்சென்று கத்துகிறது என்று புகார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் காக்கா என்னைச் சாயாக் கடைக்குக் கூட்டிப்போனார். அவர் சாயா வாங்கிக் கொடுத்தாலே ஏதோ விவகாரம்.

"செல்வராசு, மறைக்காம சொல்லு. உஸ்தாதுக்குக் காது எப்புடி இருக்கு?"

"நல்லாத்தான் காக்கா இருக்கு."

"நல்லா இருக்குண்டா ரெண்டு பேரு ஏன் வந்து கத்திட்டுப் போறான்? இந்த மாசக் கடைசியில அவரு விசா முடியுது. வயசான ஆளு. கஃபீல் கேட்டா நான் என்ன சொல்ல? வேலை செய்யிற ஆளுக்குத்தான் விசா. எனக்கும் மனசு இருக்கு தம்பி, ஆனா கடையும் இருக்குல்ல?"

நான் சாயாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு போனா அந்த நாற்காலி உனக்குத்தான். கார்பெண்டர் விசாவ மாத்தி டெக்னீசியன் போட்டுத் தாரேன். பொண்டாட்டி பிள்ளைய கூப்பிட்டுக்கலாம்."

என் மகளுக்கு அப்போது பதினாலு வயது. என்னை அவள் அதிகம் அறிந்தது போனில்தான். காக்கா சொன்னதும் மனசுக்குள் ஒரு ரூம், ஒரு அடுப்பு, ஸ்கூல் பஸ் எல்லாம் வந்து போயிற்று. வரவில்லை என்று சொன்னால் பொய். அந்த நினைப்பு வந்ததற்காக அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை என்பதும் நிஜம்.

காக்கா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். குவைத்தில் ஃபஹாஹீல்காரரான பூ யூசுஃப் என்பவருடைய கானூன் எங்களிடம் இருந்தது. அவருடைய இறந்துபோன தகப்பனாரின் வாத்தியம். வியாழக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு, அப்படியே தங்கை மகன் கல்யாணத்தில் வாசிக்கப் போகிறார். "அன்னிக்கு நான் உள்ள வந்து நிப்பேன். உஸ்தாது வேலைய நானே கண்ணால பாத்துக்கிடுதேன்" என்றார் காக்கா.

இதை உஸ்தாதிடம் எப்படிச் சொல்வது? காது பற்றி நாங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லையே. நான் சொல்லவில்லை. அதற்குப் பதில் ஒரு காரியம் செய்தேன். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே கடையைத் திறந்து, ஏசியை அணைத்து, நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எழுபத்தெட்டு நரம்பையும் நானே முடித்துவிட்டால், சாயந்திரம் உஸ்தாத் ஒருமுறை வருடிக் காட்டிவிட்டுப் பெட்டியைக் கொடுத்துவிடலாம். காக்கா பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. இப்படித்தான் என் மூளை ஓடியது.

வாசற்கால்களைக் கட்டினேன். மூன்றாவதைக் கட்டினேன். கீழ் நாலைப் பார்த்து மேல் நாலைக் கட்டினேன். கடைசியில் சிவப்பு நூல் கட்டிய அந்த இரண்டாவது. அதை விட்டுவைத்தால் சாயந்திரம் அந்த மனிதர் பாடவேண்டும், உஸ்தாத் கேட்கவேண்டும். அதுதானே ஆபத்து? நூலை அவிழ்த்து மேஜை டிராயரில் போட்டேன். நரம்பை நானே ஏற்றி நிறுத்தினேன். பதினைந்து வருட அனுபவம், இனிமேல் தப்பாது என்று நம்பினேன். திரும்பத் திரும்ப மீட்டிப் பார்த்தேன். என் காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. அந்த இதத்தைக் கண்டு நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உஸ்தாதுக்கு அன்று மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வேலை இருந்ததால் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்தார். கை கழுவினார். பெட்டியைப் பார்த்தார். முளையில் நூல் இல்லை. என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பூ யூசுஃப் சலாம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே காக்கா வந்து, கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பூ யூசுஃப் நல்ல உயரம், ஐம்பது வயதிருக்கும். வாத்தியத்தை மடியில் வாங்கி, அதன் மரத்தை ஒரு நிமிடம் தடவினார். மீட்டுவிரல்களில் வளையங்களை மாட்டிக்கொண்டு வாசித்தார். முதலில் ஹிஜாஸ். முகம் மலர்ந்தது. பிறகு பயாத்திக்கு வந்தார். நாலு சுரம்தான் வாசித்திருப்பார். நிறுத்திவிட்டார். மறுபடி அந்த இரண்டாவது நரம்பை மட்டும் தட்டினார்.

"உஸ்தாத், இது என்ன? கீழே விழுந்து கிடக்கிறதே. ஹிந்திக்காரன் பயாத்தி மாதிரி இருக்கிறது."

ஹிந்தி என்றால் அரபிகளுக்கு இந்தியாக்காரன். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.  காக்கா உஸ்தாதைப் பார்த்தார். என்ன நினைக்கிறார் என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. காது போயிற்று, ஆள் முடிந்தார்.

அந்த நொடியில் நான் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். 'நான்தான் கட்டினேன், தப்பு என்னுடையது' என்று சொன்னால், உஸ்தாதின் வேலையை நான் செய்கிறேன் என்பது வெளியே வந்துவிடும். சும்மா இருந்தால், இந்தத் தப்பு உஸ்தாதின் காதுக்குப் போய்ச் சேரும். எதைச் செய்தாலும் அவருக்கு விசா இல்லை. இரண்டிலும் நாற்காலி எனக்கு. அதை நினைத்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

உஸ்தாத் ஒன்றும் நடக்காதது போல் டிராயரை இழுத்தார். உள்ளே கிடந்த சிவப்பு நூலை எடுத்தார். பூ யூசுஃபின் மடியில் இருந்த பெட்டியைத் தன் பக்கம் வாங்கி, அந்த முளையில் நூலை நிதானமாகக் கட்டினார். திருகுசாவியைப் போட்டு, அந்தச் சுரத்தின் மூன்று நரம்பையும் தொளதொளவென்று தளர்த்திவிட்டார்.

"இது இன்னும் கட்டவில்லை. உங்களுக்காகக் காத்திருக்கிறது. உங்கள் தகப்பனார் இதை எங்கே வைத்திருந்தார்? பாடுங்கள்."

பூ யூசுஃப் கூச்சப்பட்டார். காக்காவைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினார். மேலிருந்து கீழே இறங்கும் நாலு சுரம், ஒரே ஒரு முறை. குரல் சுமார்தான். ஆனால் அந்த இரண்டாவதில் கொஞ்சம் நின்றார். உஸ்தாத் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன கேட்டது, எவ்வளவு கேட்டது, எனக்குத் தெரியாது.

"பிடித்துக்கொள்" என்றார் என்னிடம்.

நான் எதிரே உட்கார்ந்து பெட்டியின் ஓரத்தில் நாலு விரலை வைத்தேன். விரல்களை மரத்தில் அழுத்திப் பிடித்தேன். காக்கா இரண்டடி தள்ளி நிற்கிறார்.

நரம்பு அடியிலிருந்து முனகிக்கொண்டு ஏறியது. வாசற்காலைத் தாண்டியது. சுத்த ரிஷபம் வந்தது. என் காது 'இதுதான், இதுதான்' என்று கூப்பாடு போட்டது. விரலை எடுக்கவில்லை. காலையில் இங்கேதான் கவிழ்ந்தேன். உஸ்தாத் என் கையைப் பார்த்தபடியே திருகினார். இன்னும் ஒரு மயிரிழை. அதற்கு அப்பால் எனக்கு ஊர் தெரியாது. கட்டையில்லாத இடம். பூ யூசுஃபின் குரலைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், அது நழுவிக்கொண்டே போகிறது. தாண்டிவிட்டால் திரும்ப இறக்கவேண்டும். இறக்கினால் எல்லோருக்கும் புரிந்துவிடும். துண்டு நனைந்து வியர்வை கண்ணில் இறங்கியது. போதுமா, இன்னுமா, போதுமா?

விரலைத் தூக்கினேன்.

சரியென்று பட்டுத் தூக்கினேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். நிஜம் அதுவல்ல. பயம் தாங்காமல் தூக்கினேன்.

உஸ்தாத் அந்தக் கணமே நின்றார். மற்ற இரண்டு நரம்பையும் அதோடு சேர்த்தார். மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி என்று மொத்தம் ஒன்பது நரம்பு. அவற்றுக்கெல்லாம் என் விரல் தயங்கவில்லை. முதலில் கட்டியதோடு சேர்ப்பதுதானே. முடித்துவிட்டு நூலை அவிழ்த்து பூ யூசுஃபின் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் வாசித்தார். ரொம்ப நேரம் வாசித்தார். இரண்டாவது நரம்புக்கு வரும்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒருமுறை அதிலேயே நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொருமுறை தட்டினார். கண் என் விரல் பக்கம் வந்து போனதாக எனக்குத் தோன்றியது. பிறகு "ஹலாஸ்", முடிந்தது, என்றார். எழுந்து வந்து, உஸ்தாதின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். உஸ்தாத் இதை எதிர்பார்க்கவில்லை. கண்ணாடி கோணிக்கொண்டது.

அவர் போனபிறகு காக்கா ஏசியைப் போட்டார். என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"விரலுக்கு என்ன தம்பி, சுளுக்கா? தைலம் வேணுமா?"

நான் நெற்றித் துண்டை அவிழ்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சரி சரி. உஸ்தாதோட பாஸ்போர்ட்ட நாளைக்குக் கொண்டாரச் சொல்லு. போட்டோவும் ரெண்டு."

அன்று பஸ் ஸ்டாப் வரை உஸ்தாதோடு நடந்து போனேன். அல் சத்வா ரோட்டில் தையல் கடைகளெல்லாம் வெளிச்சம் போட்டுவிட்டன. பாதி வழியில் அவர் நின்றார்.

"அவர் பாடியதில் இரண்டாவது எனக்குக் கேட்கவில்லை. நாம் வைத்த இடம் சரியா?"

காது பற்றி எங்களுக்குள் நடந்த ஒரே பேச்சு அதுதான். "தமாம், உஸ்தாத்" என்றேன், சரியாக இருக்கிறது என்று. அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் பஸ் ஏறினார். பொய் சொன்னேனா உண்மை சொன்னேனா என்று எனக்கே தெரியாததுதான் பெரிய வேதனையாக இருந்தது. கல்யாண வீட்டில் நூறு பேர் முன்னால் அந்த மனிதர் வாசிக்கப் போகிறார். இறந்துபோன தகப்பனாரின் சுரம். அதை ஒரு பயந்தவன் எங்கேயோ நிறுத்தி அனுப்பியிருக்கிறான்.

உஸ்தாதுக்கு விசா வந்தது. இரண்டு வருடம் இருந்தார். பிறகு மகள் ஜெர்மனிக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். போகும்போது சாவியையும் சிவப்பு நூல்கண்டையும் என்னிடம் கொடுத்தார். நாற்காலி வந்தது. டெக்னீசியன் விசா வந்தது. மனைவியும் மகளும் வந்தார்கள். காக்கா பிறகு ஊரோடு போய்விட்டார், பெருநாளுக்குப் போன் செய்தால் "விரல் எப்புடி?" என்று மட்டும் கேட்பார். குவைத் நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கத் தயங்குவேன். அது பல வருடம் நிற்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வாத்தியத்திலும் அந்த நரம்பை நான் கேட்காமல் கட்டியதில்லை.

ரிட்டயர் ஆவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பூ யூசுஃப் வந்தார். தாடி வெளுத்திருந்தது. அதே பெட்டி. எல்லா நரம்பும் மாற்றவேண்டும், தோலும் பழசாகிவிட்டது என்றார். உஸ்தாதை விசாரித்தார். அவர் ஜெர்மனியிலேயே காலமாகிவிட்டார் என்றேன். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். பத்து நாளில் முடித்துவைத்தேன். வாசற்கால்கள், மூன்றாவது, மேல் நாலு. இரண்டாவதில் சிவப்பு நூல். வாங்க வந்த அன்று ஏசியை அணைத்தேன்.

"பாடுங்கள்" என்றேன்.

இந்தமுறை கூச்சப்படவில்லை. கண்ணை மூடிப் பாடினார். நான் திருகினேன். நரம்பு அடியிலிருந்து ஏறியது, சுத்த ரிஷபம் வந்தது, தாண்டியது. அவர் குரலோடு சேருகிற இடத்தில் நிறுத்தினேன். நிறுத்தியதும் மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்தேன். அந்த இடம் எனக்குத் தெரியும், அன்று நான் விரலைத் தூக்கிய இடம். நான் பார்த்த வளைகுடாக்காரர் யாரும் அங்கே வைப்பதில்லை. அவர்கள் வைப்பதற்கு ஒரு மயிரிழை கீழே.

"உங்கள் தகப்பனார் இங்கேதான் வைத்திருந்தாரா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இல்லை. அவர் இன்னும் கொஞ்சம் மேலே வைப்பார். அன்றைக்கு உங்கள் உஸ்தாத் கீழே வைத்துக் கொடுத்தார். சொல்லலாமா என்று பார்த்தேன். பெட்டியின் ஓரத்தில் உங்கள் விரல் எழுந்ததைப் பார்த்தபிறகு மனசு வரவில்லை. கல்யாணத்தில் அப்படியே வாசித்தேன். கேட்டவர்கள் அழுதார்கள். இப்போது என் மகனும் அங்கேதான் வைக்கிறான். எங்கள் வீட்டில் அதற்கு 'உஸ்தாதின் சுரம்' என்று பெயர்."

நூலை அவிழ்த்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். என் விரல்கள் பெட்டியின் ஓரத்தில் இருந்தன. ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டேன்.